மூச்சும் முறுக்கும்

ஊர்தியொன்றின் ஆற்றலைக் குதிரைவலுவால் அளப்பதே பொதுவழக்கு. கார் வாங்குவோரும் அதனை விற்போரும் முதலிற் பேசுவது அந்த எண்ணைத்தான். ஆயினும் அவ்வெண் அரைச் செய்தியையே தருகின்றது. எஞ்சின் எவ்வேகத்திற் சுழலும்போது அவ்வலு பிறக்கின்றது, பிறந்த வலு எவ்வழியாகச் சில்லுகளைச் சென்றடைகின்றது, அவ்வழி வலு பிறக்கும் வேகத்துக்கு இசைவானதா என்னும் வினாக்கள் விடையின்றி எஞ்சுகின்றன. வீதியில் ஓட்டும் காரிலேயே பந்தயக் காரின் மிடுக்கைக் காண விரும்பும் அமெரிக்க இளைஞர் இவ்வினாக்களோடு நெடுங்காலமாக மல்லாடி வருகின்றனர். அவர்தம் பேச்சில் ஓயாது அடிபடும் உறுப்புகள் இரண்டு. ஒன்று கேம் தண்டு. மற்றையது டோர்க் கன்வேட்டர் எனப்படும் முறுக்குமாற்றி. இவ்விரண்டையும் பொருத்தமறிந்து இணைத்தலே அவர்தம் கலையின் உச்சம் எனலாம்.

இதற்கும் வன்னி நிலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். செல்வச் செழிப்பின் விளையாட்டாக அங்கு எழுந்த அதே வினா, 1990களில் எரிபொருள் மறுக்கப்பட்ட இந்நிலப்பரப்பில் உயிர்த்தேவையாக எழுந்தது. அங்கே எஞ்சினை மாற்றி, அதற்கேற்பப் பிணைப்பைத் தேடினார்கள். இங்கே எரிபொருள் மாறியது. அதற்கேற்ப எஞ்சினையும் பிணைப்பையும் ஓட்டுபவரையுமே மாற்ற வேண்டியிருந்தது.

எஞ்சினை மூச்சுவிடும் உயிரியாக எண்ணிக்கொண்டால் கேம் தண்டின் பணி எளிதில் விளங்கும். பிஸ்டன் கீழிறங்கும்போது உள்வால்வு திறக்க, காற்றும் எரிபொருளும் கலந்த ஆவி உட்செல்கின்றது. எரிந்து முடிந்த புகை வெளிவால்வின் வழியே வெளியேறுகின்றது. எக்கணத்தில் எவ்வால்வு திறத்தல் வேண்டும், எத்துணை நேரம் திறந்திருத்தல் வேண்டும் என்பவற்றைத் தன் மேடுகளின் வடிவத்தால் விதித்து வைத்திருப்பது இத்தண்டே. வேகம் மிகும்போது வால்வு திறந்திருக்கும் நேரம் குறுகுமாதலால், உயர்வேகத்தில் வலு வேண்டுவோர் வால்வு நெடிது திறந்திருக்குமாறு மேட்டை அகலமாக்குவர். அப்பொழுது உள்வால்வு முந்தித் திறக்கும். வெளிவால்வு பிந்தி மூடும். இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் இடைவேளை கூடும். நிமிடத்துக்கு 5000 சுற்றுகளில் இது நன்மை. 800 சுற்றுகளில் இதுவே கேடு. வெளியேற வேண்டிய புகை புதிய ஆவியோடு கலந்துவிட, எஞ்சின் இருமும், குலுங்கும், சிறிது சுமை ஏற்றினால் நின்றுவிடும்.

இத்தகைய எஞ்சினைச் சில்லோடு பிணைப்பது எவ்வாறு? டோர்க் கன்வேட்டரில், எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய் நிறைந்த கலமொன்றுள் எதிரெதிராக இரு விசிறிகள் உள்ளன. எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயை வீச, அவ்வீச்சு மற்றையதைச் சுழற்றுகின்றது. இரண்டுக்கும் நடுவே அமைந்த தகட்டுத்தொகுதியொன்று திரும்பிவரும் எண்ணெயை வழிப்படுத்துவதால், கார் புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகின்றது. சில்லுகள் அசையாது நிற்கையில் எஞ்சின் எவ்வேகம்வரை ஏறவல்லதோ அதனை 'ஸ்டோல்' வேகம் என்பர். சாதாரணக் கார்களில் அது 1800 சுற்றுகளின் அளவில் அமையும். அகன்ற மேடுள்ள தண்டை இட்டவர் 2500 அல்லது 3000 சுற்றுகளிற் பிடிக்கும் கன்வேட்டரைத் தேடுதல் வேண்டும். இன்றேல் எஞ்சின் தன் நலிந்த வேகத்திலேயே சுமையை ஏற்க நேரும். மென்மையான தண்டோடு உயர்ந்த ஸ்டோல் வேகத்தைச் சேர்த்தாலோ எஞ்சின் வீணே இரையும், எண்ணெய் சூடேறும், பெற்றோல் கரையும், கார் சோம்பிச் செல்லும்.

இதில் நுட்பமொன்றும் உண்டு. ஸ்டோல் வேகம் கன்வேட்டரின் தனிக்குணம் அன்று. ஒரே கன்வேட்டர் முறுக்குவிசை மிக்க எஞ்சினின் பின்னே உயர்ந்த வேகத்திலும், நலிந்த எஞ்சினின் பின்னே தாழ்ந்த வேகத்திலும் பிடிக்கும். ஆகவே விலைப்பட்டியலில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவர். எரிபொருள், சிலிண்டருக்குள் அது நெருக்கப்படும் அழுத்த விகிதம், தண்டு, பிணைப்பு, காரின் நிறை ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று நோக்கி நிற்பன. ஒன்றைத் தொட்டவர் ஏனையவற்றையும் தொட்டேயாதல் வேண்டும்.

இனி வன்னிக்கு வருவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், வடக்கில் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், மின்கலம் முதலான பல பொருள்கள் தடுக்கப்பட்டன அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. மின்சாரமும் இல்லாதொழிந்தது. சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டதும், ஜாம் போத்தலிற் சிறுதிரியிட்டு மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் எரித்துப் படித்ததும் அத்தலைமுறை நன்கறிந்த செய்திகள். 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டைவிட்டு இடம்பெயர்ந்தோரில் மிகப்பலர் கிளிநொச்சிக்கும், மல்லாவிக்கும், புதுக்குடியிருப்புக்கும் வந்து சேர்ந்தபோது சனத்தொகை பெருகிற்று, எரிபொருள் பெருகவில்லை. கள்ளச்சந்தையிற் கிடைத்த பெற்றோல் மருந்துபோல் அளந்து விற்கப்பட்டது. ஒப்பீட்டளவில் எட்டக்கூடியதாக இருந்தது மண்ணெண்ணெய் ஒன்றே. அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் போக எஞ்சியது.

மண்ணெண்ணெயிற் கார் ஓடுமா என்ற வினாவுக்கு நூல்கள் 'ஓடாது' என்றுதான் விடை சொல்லும். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும் இயல்பினது; மண்ணெண்ணெயோ 150 பாகை செல்சியசுக்கு மேலேயே கொதிக்கத் தொடங்குவது. குளிர்ந்த எஞ்சினுள் அது ஆவியாகாமல் துளியாகவே நின்றுவிடும். பிளக்கை நனைத்துத் தீப்பொறியை அணைக்கும். சூடேற்றி ஆவியாக்கினாலும் இன்னொரு தடை காத்திருக்கின்றது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. சிலிண்டருக்குள் நெருக்குண்டபோது தீப்பொறிக்கும் நெறிமுறைக்கும் கட்டுப்படாமல் அது வெடித்தெரியும். அவ்வடி சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். நெருக்கம் கூடுந்தோறும் அடியும் கூடும். ஆகவே சூடு மிகுதியாகவும் நெருக்கம் குறைவாகவும் உள்ள எஞ்சினே இதற்கு வேண்டும். புதிய கார்களின் எஞ்சின்கள் இதற்கு முற்றிலும் மாறாக, குளிர்ந்த காற்றை உண்டு மிகுதியாக நெருக்குவன.

இவ்விடத்திலேதான் பிரித்தானியரின் பழைய கார்கள் முன்வந்தன. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அதற்கு முந்திய சோமசெற்றும் 1950களிலும் 60களிலும் இலங்கைக்கு வந்து, வடபகுதியில் வாடகைக் கார்களாக நீடித்து நிலைத்தவை. எள்ளலுக்குரிய முதுமையுடைய இவ்வூர்திகள் திடீரெனப் பெருமதிப்புப் பெற்றன. காரணம் வெறும் உறுதி மட்டுமன்று. மொறிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் ஒடுங்கியது. பிஸ்டனின் வீச்சு நீண்டது. 62.9 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 76.2 மில்லிமீற்றர் வீச்சு. அதன் குதிரைவலு 37 மாத்திரமே. ஆனால் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 2500 சுற்றுகளிலேயே உச்சத்தை அடைந்துவிடும். கேம் தண்டோ மிக அடக்கமானது. உள்வால்வு 230 பாகை அளவே திறந்திருக்கும்; இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருப்பது 15 பாகை மட்டுமே. பந்தயத்துக்கெனக் கடைந்த தண்டுகளில் உள்வால்வு 280, 300 பாகைவரை திறந்திருக்கும் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அடக்கம் புலனாகும். தாழ்ந்த வேகத்தில் மூச்சுத் திணறாத எஞ்சின் இது. இதனினும் முந்திய 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் அழுத்த விகிதம் 7.2 தான்.

இன்னொரு பேறும் இவற்றுக்கு வாய்த்திருந்தது. உள்வாயிலும் வெளிவாயிலும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அமைய, காபரேட்டரிலிருந்து வரும் குழாய் புகை போகும் குழாயோடு ஒட்டி நின்று அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தின் குளிரிற் பெற்றோல் துளியாக நின்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. வன்னியின் வெயிலில் அதே ஏற்பாடு மண்ணெண்ணெயை ஆவியாக்கும் அடுப்பாக உதவியது. பிற்காலப் பொறியியலாளர் குறையென்று நீக்கிய அமைப்பே இங்கு குணமாயிற்று. எஸ்.யூ. காபரேட்டரும் துணைநின்றது. அதன் அடியிலுள்ள திருகைச் சிறிது திருப்பினால் கலவை தடிக்கும். வேறு உறுப்பொன்றும் வாங்க வேண்டியதில்லை. வெடிப்பொலி மிகுந்தால் டிஸ்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தச் செய்யலாம். எஞ்சின் தலையின் கீழ் காஸ்கட்டைத் தடிப்பாக்கி நெருக்கத்தைக் குறைக்கலாம். ஆனால் நெருக்கம் குறைந்தால் வலுவும் குறையும். தீப்பொறி பிந்தினால் சூடு கூடும். இவற்றுக்கிடையே நடுநிலை காண்பதே மெக்கானிக்கின் கைத்திறன்.

இனிப் பிணைப்பைப் பார்ப்போம். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினின் பயனுள்ள வேகம் மிக ஒடுங்கியது. வேகம் தாழ்ந்தால் ஆவி குளிர்ந்து துளியாகும். தாழ்ந்த வேகத்திற் சுமை ஏறினால் வெடிப்பொலி எழும். வேகம் மிக உயர்ந்தாலோ மந்தமாக எரியும் அந்நெய் ஈடுகொடாது. பந்தயத் தண்டு இட்ட காருக்கும் இதே இடர்தான். அதன் ஒடுங்கிய எல்லை உயரத்தில் உள்ளது, இதன் எல்லை தாழ்வில் உள்ளது என்பதே வேறுபாடு. அங்கே எஞ்சினை எல்லைக்குள் நிறுத்திவைக்க எண்ணெய்க் கலமொன்று உண்டு. இங்கே அப்பணியைச் செய்தது சாரதியின் இடக்கால். கிரவல் கிளம்பிய வீதியிலும் மாரிச் சேற்றிலும் அரைக் கிளச்சில் எஞ்சினைச் சற்று வழுக்கவிட்டு, அது திணறுமுன் கியரைக் குறைத்து, ஒலியைக் கேட்டே அளவறிந்து ஓட்டியவர் அவர். டோர்க் கன்வேட்டரின் இலக்கணம் முழுவதும் அக்காலில் இருந்தது என்பது மிகையன்று.

புறப்பாடு தனியொரு சடங்காக இருந்தது. சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலைச் சில துளி காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அத்துளிகள் தீருமுன் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளுமாறு செய்தல் வேண்டும். தவறினால் மேலும் சில துளி வேண்டும், போத்தலோ பெரிதன்று. எனவே ஒருமுறை சூடேறிய எஞ்சினை ஆறவிடுதல் ஊதாரித்தனமாகக் கருதப்பட்டது. வழியில் எங்கேனும் நிற்கும்போது, "அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோவன், புகை தாங்கேலாமல் கிடக்கு" என்று பயணி கேட்டால், "நிப்பாட்டினால் திரும்பப் பெற்றோல் வேணும் தம்பி; அதுக்கு நீர் காசு தருவீரோ?" என்னும் விடையே வரக்கூடிய காலம் அது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடையாமல் கண்டி வீதியில் எந்தச் சாரதியும் கடந்துபோவதில்லை என்பர். அப்பிள்ளையார் அக்காலத்திற் கேட்டுப் பழகிய வேண்டுதல்களுள் எஞ்சின் நில்லாதிருக்க வேண்டுமென்பதும் ஒன்றாக இருந்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு நகைச்சுவையாகச் சொல்லிவிடலாம். ஆயின் அக்கார்களில் ஏறியவர் உல்லாசப் பயணிகள் அல்லர். ஊருக்கு ஊர் மருத்துவமனை இல்லாத நிலத்தில், பாம்பு தீண்டியவரும், மலேரியாக் காய்ச்சலில் நடுங்கியவரும், பேறுகால வேதனையில் இருந்த பெண்ணும், எறிகணையிற் காயமுற்றவரும் அவற்றில் ஏற்றப்பட்டனர். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையே காட்டு வழியில் நனைந்த பிளக்கோடு நின்றுவிட்ட கார் வெறும் இயந்திரக் கோளாறு அன்று. ஆதலால், அமெரிக்க இளைஞருக்குக் கால் மைல் ஓட்டத்தில் அரைச் செக்கனாக வெளிப்பட்ட பொருத்தமும் பொருத்தமின்மையும், இங்கே ஒருவர் பிழைப்பதும் பிழையாததுமாக வெளிப்பட்டன.

இதற்குக் கொடுத்த விலையையும் மறைத்தல் ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் தாங்குருளைகளைக் காவாது, கிராங் தேயும், சத்தம் பிறக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றுவதே மாற்று வழி. ஆனால் ஒயிலும் தட்டுப்பாடான பொருளே. வெண்புகை வீதியை மூடியது, கண் எரிந்தது. அந்நாளைய அறிவுத்திறனைப் போற்றுவோர் இவற்றை மறந்து, இல்லாமையையே ஒரு கொடையாகப் புகழ்ந்துவிடுகின்றனர். பெற்றோல் இருந்திருந்தால் எந்த மெக்கானிக்கும் மண்ணெண்ணெயைத் தொட்டிருக்கமாட்டார்.

இம்முறை உலகிற் புதிதும் அன்று. 1917 இல் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் உழுதது. பிரித்தானியாவில் 1949 இல் வந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று, வரிச்சுமை குறைந்த, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயொன்றுக்கென்றே நெருக்கத்தைக் குறைத்து, குழாயைச் சூடாக்கி அமைக்கப்பட்டது. அவற்றை வடிவமைத்தோரிடம் ஆய்வுகூடமும் அளவுகருவிகளும் இருந்தன. வன்னியின் கராஜில் இருந்தவை காதும் மூக்கும் விரல்நுனியுமே. இரு சாராரும் வந்தடைந்த முடிபுகள் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் கருதத்தக்கது.

வயலிலும் இதே இலக்கணம் வழங்குகின்றது. லாண்ட்மாஸ்டர் என்று ஊரார் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்தில் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைப்பது பட்டி. பட்டி இறுகினால் வலு போகும், தளர்ந்தால் வழுக்கும். அதன் தளர்ச்சியே கிளச்சு. இரணைமடுவின் கீழுள்ள வயல்களில் அதனைப் பிடித்து நடப்பவர் இவ்வழுக்கலின் அளவைக் கைப்பிடியின் அதிர்விலேயே அறிவார்.

2002 இல் ஏ-9 வீதி திறந்து பெற்றோல் வந்தபோது மண்ணெண்ணெய்க் கார்கள் மறையலாயின. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதும் தட்டுப்பாடு மீண்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது முல்லைத்தீவுக் கரையோரமெங்கும் கைவிடப்பட்டும் எரிந்தும் கிடந்த ஊர்திகளின் குவியல்களை உலகம் படங்களிற் கண்டது. அவற்றிற் பல பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டன. தடித்த காஸ்கட்டும் திருப்பிவைத்த டிஸ்ரிபியூட்டரும் இரும்பின் நிறையில் அடங்கிப்போயின. இன்று கிளிநொச்சியில் தன்னியக்கக் கியர் கொண்ட யப்பானியக் கார்கள் ஓடுகின்றன. டோர்க் கன்வேட்டர் ஒருவழியாக வன்னிக்கும் வந்துவிட்டது. ஸ்கூட்டரின் பட்டிப் பெட்டியைத் திறந்து உருளைகளின் நிறையைக் குறைத்து, எஞ்சின் உயர்ந்த வேகத்தில் நின்று இழுக்குமாறு செய்யும் இளைஞரும் உளர். அவர்கள் செய்வது ஸ்டோல் வேகத்தை உயர்த்துவதன்றி வேறன்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இன்று கிளிநொச்சியின் அறிவியல் நகரில் உள்ளது. வால்வு நேரங்களையும் அழுத்த விகிதத்தையும் ஆங்கில நூல்களிற் கற்கும் மாணவருக்கு, அவற்றை நூலின்றிக் கற்றவர்கள் கூப்பிடு தொலைவிலேயே வாழ்கின்றனர். எந்தக் காருக்கு எத்துணைத் திருப்பு, எவ்வளவு சூடு, எந்தக் கியரில் எந்த ஏற்றம் என்னும் கணக்குகள் பெரும்பாலும் அவர்தம் கைகளிலும் காதுகளிலுமே உள்ளன. அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகின்றது. ஒலிப்பதிவுக் கருவியொன்றும் குறிப்பேடொன்றும் சில விடுமுறை நாள்களும் இதற்குப் போதும், பெருநிதி வேண்டியதில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சினைத் தேடி எவரும் நூதனசாலைக்குப் போக வேண்டியதுமில்லை. டோர்க் கன்வேட்டரை ஜேர்மனியரான ஹேமன் பொட்டிங்கர் 1905 இற் கண்டறிந்தது காருக்காகவன்று; விரைந்து சுழலும் நீராவிச் சுழலியைக் கப்பலின் மெதுவான சுழல்விசிறியோடு பொருத்துவதற்கே. காருக்கு அது பரவலாக வந்தது 1948 இல் பியூக் நிறுவனத்தின் வாயிலாக. கடலிற் பிறந்த அப்பிரச்சினை முல்லைத்தீவுக் கடலில் இன்றும் உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்தின் சுழல்விசிறி நீரில் வழுக்கிக்கொண்டே தள்ளுவது. அதன் இதழ்ச் சாய்வு மிகுந்தால் எஞ்சின் தன் வேகத்தை எட்டாது திணறும், குறைந்தால் வீணே இரைந்து எரிபொருளைக் குடிக்கும். வலையும் மீனும் ஏற்றி வரும் படகுக்கு ஒரு சாய்வு, வெறும் படகுக்கு வேறு சாய்வு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, இச்சாய்வின் பிழை ஒவ்வொன்றும் அன்றைய உழைப்பிற் கழிந்தது. விடியுமுன் அக்கரையில் அவ்வியந்திரங்கள் இன்றும் சிறிது பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன.